நிலோஃபரின் நெளிவும் நான் எடுத்த எதிர் ஓட்டமும்

எனக்கு வயது முப்பத்தைந்து. நான் பணி ஓய்வு பெற்றவள். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம், என் அம்மா இரண்டு வருடமாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். துவாக்குடிப் பக்கம் ஒரு லேசர் ஆய்வகத்தில் பதினோரு வருடம் தொழில்நுட்ப உதவியாளராக வேலை பார்த்தேன். அது பேராசிரியர் வரதன் சாரின் ஆராய்ச்சித் திட்டத்தோடு கட்டிய வேலை. சார் ஓய்வு பெற்ற அன்று திட்டம் முடிந்தது, அதோடு என் பதவியும் முடிந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே விழா, ஒரே கேக். சார் பெயர் நடுவில் பெரிதாக இருந்தது. என் பெயருக்கு இடம் போதாமல் 'கோமதி'யின் கடைசி எழுத்து ஓரத்தில் சரிந்து அட்டையில் கிடந்தது. அதைக்கூட நான் மறக்கவில்லை என்பதிலிருந்தே நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

போன வாரம் ஹரிணி போனில் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். இப்போது அதே ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்கிற பெண். "அக்கா, பழைய லேசரைக் கழட்டிட்டாங்க. புதுசு வந்தாச்சு. ஒரே பெட்டி. பட்டனைத் தட்டினா அதுவே அலைன் பண்ணிக்குது. துறை மலருக்கு நீங்க பழைய காலத்தைப் பத்தி எழுதித் தரணும்."

பழைய காலமாம். பட்டனைத் தட்டினால் அதுவே அலைன் செய்துகொள்கிறதாம். லேசர் ஒளியைத் திருப்பும் கண்ணாடிகளைத் திருகித் திருகி என் கட்டைவிரல் நுனியில் காய்த்துப்போன இடத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன். ஒரு பெட்டியின் மேல் பொறாமைப்பட முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்து இன்னொரு செய்தி. "அப்புறம் அக்கா, சுவத்துல ஒரு சீட்டு ஒட்டியிருக்கு. 'வெற்று ஓட்டத்துக்குப் புதுக் குழாய். உயரத்தைச் சொல்.' அவ்வளவுதான், பென்சில்ல. வரதன் சார் கையெழுத்து மாதிரி இருக்கு. எதுக்குன்னு இங்க யாருக்கும் தெரியல. பெயின்ட் அடிக்கப் போறாங்க, கிழிச்சிடலாமா?"

கிழிக்காதே என்று பதில் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். அந்தச் சீட்டுக்குக் காரணம் நான்தான்.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எந்த மூலக்கூறும் சும்மா இருப்பதில்லை. அதற்குள் அணுக்கள் இழுத்துக்கொள்கின்றன, முறுக்கிக்கொள்கின்றன, குலுங்குகின்றன. ஒரு குலுங்கலுக்கு ஆகும் நேரம் நூறு இருநூறு ஃபெம்டோ நொடி. ஒரு நொடியைக் கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடியும் பத்துக் கோடிப் பங்காக்கினால் கிடைப்பது ஒரு ஃபெம்டோ நொடி. எந்தக் கேமராவும் அவ்வளவு வேகமாகக் கண் சிமிட்டாது. அதனால் லேசர் ஒளியை அத்தனை சின்னத் துடிப்புகளாக்கி, இரண்டிரண்டாக அனுப்புவோம். முதல் துடிப்பு மூலக்கூறைத் தட்டி எழுப்பும். இரண்டாவது கொஞ்சம் பிந்தி வந்து எட்டிப் பார்க்கும். எவ்வளவு பிந்தி என்பது கண்ணாடியின் கையில் இருக்கிறது. ஒரு மோட்டார் மேடையின் மேல் இருக்கும் கண்ணாடியை ஒரு மைக்ரான் பின்னால் தள்ளினால், அது தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது, ஒளி அங்கே போய்த் திரும்ப ஏறக்குறைய ஏழு ஃபெம்டோ நொடி கூடுதலாக எடுத்துக்கொள்ளும். இப்படி ஒருமுறை தள்ளுவதுதான் எங்களுக்கு ஒரு அடி. ஒரு அடி தள்ளுவோம், பார்ப்போம், புள்ளி வைப்போம். இன்னொரு அடி தள்ளுவோம். புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு. கோடு நெளிந்தால் உள்ளே ஏதோ குலுங்குகிறது. இப்படி ஒரு கோடு எடுப்பதற்கு எங்கள் ஆய்வகத்தில் 'ஓட்டம்' என்று பெயர்.

வேலை கற்றுக்கொண்ட முதல் இரண்டு வருடத்தைச் சொல்ல ஒன்றுமில்லை. இருபத்திரண்டு வயதில் எம்.எஸ்ஸி. முடித்த கையோடு சேர்ந்தேன். இருட்டில் நின்றேன், கண்ணாடி துடைத்தேன், திட்டு வாங்கினேன், கற்றுக்கொண்டேன். மூன்றாம் வருடம் அந்த மேஜை என்னுடையது. தினமும் திருவானைக்காவலில் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, எட்டு மணிக்கு லேசரைப் போட்டுவிடுவேன். பத்து மணிக்குத்தான் அது நிதானத்துக்கு வரும். அதன்பிறகு ஒரு படிகத்துக்குள் இரண்டு ஒளிக்கற்றைகளைச் சந்திக்க வைக்கவேண்டும். ஒரே இடத்தில் வந்தால் போதாது, ஒரே நேரத்திலும் வரவேண்டும். சந்தித்த கணத்தில் எதிரே வைத்த வெள்ளை அட்டையில் ஒரு பச்சைப் பொட்டு சட்டென்று பூக்கும். மற்றவர்களுக்கு அதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். எனக்குப் பத்து நிமிடம். இதை நான் அடக்கத்தோடு சொல்லவில்லை.

ஆய்வக வாசலில் ஒரு எவர்சில்வர் தட்டு இருக்கும். உள்ளே போகிறவர்கள் மோதிரம், வாட்ச், வளையல் எல்லாவற்றையும் அதில் கழற்றிப் போடவேண்டும். மின்னுகிற எதன் மேல் பட்டாலும் லேசர் தெறித்துக் கண்ணுக்கு வரும். தாலிச் சங்கிலி இருந்தால் துணிக்குள் போய்விடவேண்டும். இன்னொரு விதி, உள்ளே பேனா கீழே விழுந்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் குனியவேண்டும். ஏனென்றால் குனியும்போது கண் மேஜையின் மட்டத்துக்கு வரும், ஒளி ஓடுவதும் அந்த மட்டத்தில்தான். ஸ்ரீரங்கத்தில் வரதன் சார் வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தோம். சாப்பிடும்போது ஸ்பூன் கீழே விழுந்தது. சார் கண்ணை மூடிக்கொண்டு குனிந்து துழாவி எடுத்தார். மாமி, "முப்பது வருஷமா இதே கூத்துதான்" என்றார்.

சார் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராயிருந்தாலும் 'நீங்க'தான். கையில் எப்போதும் சீவிய பென்சில். நீங்கள் பெரிதாக எதையாவது சொன்னால் அவர் ஒரே வார்த்தை கேட்பார்: "எத்தனை?" சிக்னல் நன்றாக வந்தது சார் என்றால், எத்தனை. கொஞ்சம் தாமதமாகிவிட்டது சார் என்றால், எத்தனை. எண் இல்லாத பதிலை அவர் எழுதிக்கொள்ள மாட்டார். லாக் புத்தகத்தில் எந்தப் பக்கத்தையும் கிழிக்கக் கூடாது. தப்பானால் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் கையெழுத்து.

அவர் வைத்திருந்த வழக்கம் ஒன்று வேறெங்கும் நான் கேள்விப்படாதது. ஆய்வகத்தில் யாராவது புதிதாக ஒன்றைப் பார்த்துவிட்டால், உடனே வெளியே சொல்ல முடியாது. இன்னொருவர் அதை முதலிலிருந்து திரும்ப எடுக்கவேண்டும். அந்த இன்னொருவர் யார் என்பதற்கு ஒரே தகுதிதான்: அது பொய்யாக இருக்கவேண்டும் என்று யாருக்கு அதிக ஆசையோ அவர். அதற்குப் பெயர் எதிர் ஓட்டம்.

என் ஆறாவது வருடத்தில் நிலோஃபருக்கு அந்த நெளிவு கிடைத்தது.

நிலோஃபர் தென்னூர்ப் பெண். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள். மெதுவானவள் என்று சொன்னால் மரியாதையாகச் சொன்னதாக அர்த்தம். ஒரு கண்ணாடியைத் திருகுவாள், கையை எடுத்துவிடுவாள், நின்று பார்ப்பாள், ஏதோ முணுமுணுப்பாள், மறுபடி திருகுவாள். பக்கத்தில் நிற்கும் எனக்குக் கை பரபரக்கும். இரண்டு பேருக்குச் சாப்பாடு கொண்டுவருவாள், ஒன்று எனக்கு. அவள் வீட்டு மீன் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே அவள் மேல் பொறாமைப்பட்டேன். ஏன் என்று கேட்டால், சார் காலையில் உள்ளே வரும்போது என்னிடம் கேட்பது: "கோமதி, ஒளி தயாரா?" அவளிடம் கேட்பது: "நிலோஃபர், என்ன தெரியறது?"

இதுதான். இதற்குமேல் ஒன்றுமில்லை. ஒளியை நான் தயார் செய்யவேண்டும், அதில் தெரிவதை அவள் பார்க்கவேண்டும்.

அவள் எடுத்துக்கொண்டது ஒரு இளஞ்சிவப்புச் சாயம். ஒளி பட்டால் நடுவில் முறுக்கிக்கொள்ளும் மூலக்கூறு. முறுக்கிக்கொள்வதற்கு முன்னால் அது தயங்கிக் குலுங்கும் என்று அவளுக்கு ஒரு எண்ணம். அந்தச் சாயத்தை எத்தனாலில் கரைத்து, ஒரு சின்ன மோட்டாரால் ரப்பர் குழாய் வழியாக மெல்லிய கண்ணாடிச் செல்லுக்குள் ஓடவிட்டு, மாதக்கணக்கில் ஓட்டம் எடுத்தாள். ஒருநாள் கோடு நெளிந்தது. இருநூறு ஃபெம்டோ நொடிக்கு ஒரு நெளிவு. ஏழு நெளிவுகளைத் தெளிவாக எண்ண முடிந்தது.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். திரையில் நானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன், ஒன்றாவது குறையாதா என்று. அன்றைக்குக் காலையில் அந்த ஒளியை அலைன் செய்தது நான். பத்து நிமிடத்தில்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் நிலோஃபர் கோட்டைக் காட்டினாள். அவள் ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயம் அதுதான். அது நின்றால்தான் ஆய்வேடு நிற்கும். ஆய்வேடு முடிந்தால் வெளிநாட்டில் ஒரு ஆய்வகத்தில் அவளுக்கு இடம் காத்திருந்தது. சார் ரொம்ப நேரம் கோட்டைப் பார்த்தார். பிறகு பென்சிலை மேஜையில் வைத்தார்.

"இது பொய்யா இருந்தா இங்க யாருக்கு சந்தோஷம்?"

 அறையில் இருந்த ஆறு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். நிலோஃபரும் பார்த்தாள். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்லது," என்றார் சார். "கோமதி, நீங்க எடுங்க. வெற்று ஓட்டத்துல ஆரம்பிங்க."

வெற்று ஓட்டம் என்றால் சாயம் இல்லாமல் வெறும் எத்தனாலை மட்டும் ஓடவிட்டு எடுப்பது. நெளிவு சாயத்தினுடையது என்றால் வெறும் எத்தனாலில் கோடு தட்டையாக வரவேண்டும். அங்கேயும் நெளிந்தால், குலுங்குவது மூலக்கூறு இல்லை, எங்கள் கருவியில்தான் கோளாறு.

செல்லை மூன்று முறை கழுவினேன். எத்தனாலை ஊற்றினேன். குழாயைக் கழற்றி, உள்ளே ஈரம் போக வெள்ளை டிஷ்யூ காகிதத்தின் மேல் வைத்தேன். அப்போது பார்த்தேன். வெள்ளைக் காகிதத்தின் மேல் அந்தக் குழாய்க்கு ஒரு சாயல் இருந்தது. இளஞ்சிவப்பு என்று சத்தியம் செய்ய முடியாது. பழைய ரப்பருக்கு வருகிற மங்கல் என்றும் சொல்லலாம். அலமாரியில் புதுக் குழாய் ஒரு சுருள் இருந்தது. நான்கு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம்.

பழைய ரப்பர்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதையே மாட்டினேன்.

கோடு நெளிந்தது. இருநூறு ஃபெம்டோ நொடிக்கு ஒன்று. அச்சு அசல் அவளுடையது.

அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்தேன். நெளிவு சின்னதுதான், அவளுடைய நெளிவில் முப்பதில் ஒரு பங்கு. இரண்டையும் ஒரே படத்தில் போட்டால் என்னுடையது தரையோடு ஒட்டிக் கிடக்கும். அதனால் இரண்டையும் ஒரே உயரத்துக்கு இழுத்துப் போட்டேன். எங்கள் தொழிலில் இது தினமும் செய்கிற வேலை. வடிவத்தை ஒப்பிட வேண்டுமென்றால் உயரத்தைச் சமமாக்கித்தான் ஆகவேண்டும். ஒன்றின் மேல் ஒன்று வைத்தபோது இரண்டு கோடும் ஒட்டிப் பிறந்தவை போல இருந்தன.

அடுத்த வியாழக்கிழமை அதைக் காட்டினேன். முதல் துடிப்பின் ஒளியில் கொஞ்சம் செல்லின் கண்ணாடியில் சிதறி இரண்டாவதோடு கலந்தால், மழைத் தண்ணீரில் எண்ணெய் மிதக்கும்போது பட்டை பட்டையாகத் தெரிகிறதே, அந்த மாதிரி ஒரு பொய் நெளிவு வரலாம். இது அதுதான் என்று சொன்னேன். வேகமாகச் சொன்னேன். நான் வேகமாகப் பேசினால் எல்லோரும் நம்புவார்கள்.

சார் கேட்டார், "உயரம் எத்தனை?"

"அன்னிக்கு ஒளி கொஞ்சம் கம்மி சார்."

ஒளி உண்மையிலேயே கொஞ்சம் குறைவுதான், பத்தில் ஒரு பங்கு. முப்பது மடங்குக்கு அது காரணமே இல்லை. என் பதினோரு வருடத்தில் சாரின் 'எத்தனை'க்கு எண் இல்லாமல் நான் சொன்ன ஒரே பதில் அது. சார் ஒரு கணம் பென்சிலைப் பிடித்தபடி காத்திருந்தார். பிறகு எழுதாமல் கீழே வைத்துவிட்டார். ஆறு வருடம் எண் தப்பாமல் சொன்னவள் என்பதால் விட்டிருக்க வேண்டும். அதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

நிலோஃபரிடம் மூன்றாவது அத்தியாயத்தை நிறுத்தி வைக்கச் சொன்னார். என் பக்கம் திரும்பினார். "சிதறல்னா, இந்த மேஜையில இதுவரைக்கும் எடுத்த எல்லா ஓட்டத்தையும் திரும்பப் பார்க்கணும். நீங்கதான் பார்க்கணும், கோமதி."

இதை நான் யோசிக்கவே இல்லை. அவளுடைய நெளிவைப் பொய்யாக்கும் அவசரத்தில் என் மேஜையைப் பொய்யாக்கியிருந்தேன். அந்த மேஜையில் எடுத்த ஓட்டங்களை வைத்து நான்கு பேர் ஏற்கெனவே பட்டம் வாங்கிப் போயிருந்தார்கள்.

அன்று மாலை நிலோஃபரும் நானும் ஒரே பஸ்ஸில் வந்தோம். உட்கார இடமில்லை.  திருவெறும்பூர் தாண்டியதும் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தாள்.

"நல்லவேளை நீங்க எடுத்தீங்கக்கா. வேற யாராச்சும்னா பேருக்கு எடுத்துட்டு சரின்னு விட்டிருப்பாங்க. நான் வெளிய போயி பேசிட்டு அசிங்கப்பட்டிருப்பேன்."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவள் வெளிநாட்டுக்கு எழுதிவிட்டதாகவும், இன்னும் ஆறு மாதம் காத்திருக்க முடியுமா என்று கேட்டிருப்பதாகவும் சொன்னாள். அவர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை என்றாள். சொல்லிவிட்டு, சிதறலைத் தேட நாளைக்குத் தானும் வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் இல்லாத சிதறலைத் தேடினேன். எந்தக் கண்ணாடியைத் திருப்பினாலும், எதை மறைத்தாலும் நெளிவு போகவில்லை. கடைசியில் அடியை மாற்றினேன். இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். சிதறலால் வரும் பொய் நெளிவு நாம் எவ்வளவு பெரிய அடியாகக் கண்ணாடியைத் தள்ளுகிறோம் என்பதைப் பொறுத்தது. அடியை மாற்றினால் அதன் தாளமும் மாறிவிடும். உண்மையான குலுங்கலுக்கு நம் அடியைப் பற்றிக் கவலையில்லை. ஏழு ஃபெம்டோ நொடி அடியை ஐந்தாக்கினேன். நெளிவு இருநூறில் வந்தது. பத்தாக்கினேன். இருநூறு. அசைய மாட்டேன் என்றது.

அப்படியென்றால் அந்த வெறும் எத்தனாலில் ஏதோ ஒரு மூலக்கூறு உண்மையாகவே குலுங்குகிறது. எத்தனாலுக்கு அந்தத் தாளம் கிடையாது. மிச்சம் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும்.

குழாயைக் கழற்றி மறுபடி வெள்ளைக் காகிதத்தில் வைத்தேன். இந்த முறை விளக்கைப் போட்டுப் பார்த்தேன். இளஞ்சிவப்பு. மாதக்கணக்கில் சாயம் ஓடிய ரப்பர் அதைக் குடித்து வைத்துக்கொண்டு, நான் ஊற்றிய சுத்தமான எத்தனாலில் துளித் துளியாகக் கக்கியிருக்கிறது. அலமாரிக்கு நான்கு எட்டு வைத்துப் போய்ப் புதுக் குழாயை வெட்டி மாட்டினேன். ஓட்டம் எடுத்தேன்.

கோடு தட்டையாக வந்தது. மேஜை மேல் ஊற்றிய தண்ணீர் மாதிரி தட்டை.

அப்போது மதியம் மூன்று மணி. மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அந்தக் கோட்டை அழித்துவிட்டுப் பழைய குழாயை மாட்டி வைத்தால் யாருக்கும் தெரியாது. நிலோஃபர் வேறு அத்தியாயம் எழுதத் தொடங்கிவிட்டாள். சிதறல் கிடைக்கவில்லை என்று நான் சொன்னால் சார் நம்புவார். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று கேட்காதீர்கள். எத்தனை என்று எனக்கே தெரியவில்லை.

என்னை எழுப்பியது நல்ல குணம் என்று எழுதினால் பொய். இந்த மேஜை பொய் சொல்கிறது என்று காலம் முழுக்க எழுதி வைத்திருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அது என் மேஜை. லாக் புத்தகத்தைத் திறந்து பழைய வெற்று ஓட்டத்தின் மேல் ஒரே ஒரு கோடு போட்டுக் கையெழுத்திட்டேன். பக்கத்தில், 'குழாயில் சாயம்' என்று எழுதினேன்.

மறுநாள் காலை குழாயை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு சார் அறைக்குப் போனேன். அவர் அதை எடுத்து ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"முதல் நாளே பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார்."

"உயரம்?"

"முப்பதுல ஒண்ணு சார்."

"எத்தனை நாள் ஆச்சு?"

"பதினேழு."

பதினேழு என்று எழுதிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நிலோஃபர்கிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன்.

சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். அவள் டப்பாவைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். குழாயின் நிறத்தை முதல் நாள் பார்த்ததையும் சொன்னேன். அந்த இடம் வரைக்கும் அவள் முகத்தில் ஒன்றுமில்லை.

"தப்பு நடந்திருந்தா பரவாயில்லக்கா," என்றாள். "நீங்க பார்த்துட்டு மாட்டியிருக்கீங்க." டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அடுத்த இருபது நாள் ஒருவருக்குத்தான் சாப்பாடு வந்தது.

அந்த வியாழக்கிழமை சார் கூட்டத்தில் ஒன்றும் விளக்கவில்லை. வெற்று ஓட்டம் தட்டை என்று மட்டும் அறிவித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எதிர் ஓட்டத்துல சாயத்தை இன்னும் எடுக்கலை. கோமதி, இப்பவும் அது பொய்யா இருக்கணும்னு ஆசையா?"

நிலோஃபர் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை.

"ஆமா சார்."

"அப்ப உங்களை விட்டா ஆள் இல்லை. எடுங்க."

எடுத்தேன். புதுச் செல், புதுக் குழாய், புதுக் கரைசல். அவளைக் கிட்டே வரவிடவில்லை. அதைக் கொல்ல என்னென்ன வழி உண்டோ அத்தனையும் செய்தேன். அடியை மாற்றினேன், ஒளியைப் பாதியாக்கினேன், எத்தனாலுக்குப் பதில் மெத்தனால் ஊற்றினேன். நெளிவு வந்துகொண்டே இருந்தது. மூன்றாம் வாரம் எல்லாம் கூடி வந்த ஒரு நாளில் ஒரு கோடு எடுத்தேன். அவளுடையதில் ஏழு நெளிவு எண்ணலாம். என்னுடையதில் பதினொன்று. எட்டாவதும் ஒன்பதாவதும் அவள் கையில் இரைச்சலுக்குள் மறைந்து போயிருந்தன. என் கையில் தனித்தனியாக எழுந்து நின்றன. பதினொன்றாவது ஒரு சின்ன மேடுதான், ஆனால் இருந்தது. அவ்வளவு அழகான ஒன்றை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அதற்குப் பின்னும் பார்க்கவில்லை. அது நிலோஃபருடையது.

கட்டுரை வெளிவந்தபோது முதல் பெயர் அவளுடையது, படம் என்னுடையது. வெளிநாட்டுக்காரர்கள் ஆறு மாதம் காத்திருந்தார்கள். சார் அந்தச் சீட்டை எழுதிச் சுவரில் ஒட்டியது எனக்குப் பதினொன்று கிடைத்த அந்த வாரம்தான். யார் பெயரையும் போடவில்லை. இருபத்தோராம் நாள் நிலோஃபர் இரண்டு டப்பாவோடு வந்தாள். ஒன்றை என் பக்கம் தள்ளினாள். அன்றைக்கும் மீன் குழம்புதான்.

இதுவரைக்கும் எழுதியதை நேற்று நிலோஃபருக்கு அனுப்பினேன். அவள் பெயரும் இருக்கிறதே, கேட்காமல் கொடுப்பது சரியில்லை. இப்போது அவள் வடக்கே ஒரு ஊரில் சொந்தமாக ஒரு ஆய்வகம் நடத்துகிறாள். நான் திருவானைக்காவலில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"உங்க பதினொண்ணுக்கு ஒரு பத்தி. என் ஏழுக்கு ஒரு வரியா?"

"உன் ஏழு அவ்வளவுதான் தாங்கும்."

சிரித்தாள். போட்டுக்கொள்ளுங்கள், ஒரு எழுத்தையும் மாற்றவேண்டாம் என்றாள். பிறகு தன் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அவள் ஆய்வகத்தில் போன மாதம் ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள். அதே குடும்பத்துச் சாயம்தான், ஆனால் இந்த முறை குலுங்கல் பாதியில் தாளம் மாறுகிறதாம். முறுக்கிக்கொள்ளும் அந்தக் கணத்திலேயே மாறுகிறதாம். அவள் மெதுவாக, வழக்கம்போல் நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொல்ல, அதில் எங்கே ஓட்டை இருக்கும் என்று நான் தேட ஆரம்பித்திருந்தேன்.

"எதிர் ஓட்டம் எடுத்தாச்சா?" என்றேன்.

"அதுதான்க்கா பிரச்சினை. இங்க எல்லாரும் கை தட்டறாங்க. இது பொய்யா இருக்கணும்னு நினைக்கிற ஆள் ஒருத்தர்கூட இல்லை. எனக்குப் பயமா இருக்கு." அப்புறம் கேட்டாள், "உங்களுக்கு இன்னும் பொறாமை இருக்காக்கா?"

"இருக்கு."

"எத்தனை?"

சொன்னேன். அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன்.

"அப்ப கிளம்பி வாங்க," என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ரயில். பிள்ளைகளுக்கு ஒரு வாரம் லீவு விட்டாயிற்று. ஓய்வு பெற்றவளுக்கு எதற்கு இந்த அலைச்சல் என்று அம்மா கேட்கிறார். பெட்டியில் நான் முதலில் வைத்தது இரண்டு மீட்டர் புதுக் குழாய். உறையை இன்னும் பிரிக்கவில்லை. நிலோஃபர் பார்த்தது பொய்யாக இருக்கவேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.